கரண்டைக் கால் குருத்தெலும்பு: ஸ்டெம் செல் ஊசிக்கு 1,60,000 ரூபாய் கேக்குறாங்க, போடலாமா?

உசிலை ரைடர் | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 26. உசிலம்பட்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியார், மாசம் 9,000 சம்பளம். கபடியில ரைடர். 3 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஊர்த் திருவிழா ஆட்டத்துல, கோட்டைத் தொடப் போற நேரத்துல எதிர் டீம் பையன் வலது கரண்டையைப் புடிச்சுட்டான். உடம்பு திரும்புது, பாதம் அங்கேயே நிக்குது. ராத்திரிக்குள்ள பந்து மாதிரி வீங்கிருச்சு. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னாங்க. எண்ணெய் தடவி மூங்கில் பத்தை வச்சுக் கட்டுனாங்க. 15 நாள்ல பிரிச்சுட்டு மறுபடி ஆடப் போயிட்டேன்.

அன்னைலருந்து வலி முழுசாப் போகவே இல்ல. காலையில முதல் பத்து அடி வைக்க முடியாது. மாடிப்படி இறங்கும்போது உள்ளுக்குள்ள என்னமோ சிக்குது. மேடு பள்ளத்துல கால் தானா மடங்கிக்குது. போன மாசம் எம்ஆர்ஐ எடுத்தேன். டேலஸ்னு கணுக்கால் மூட்டுக்குள்ள இருக்கிற எலும்போட உள்பக்க மேல் மூலையில 9க்கு 7 மில்லிமீட்டர் குருத்தெலும்புச் சிதைவு, மூணாம் நிலை, கீழ எலும்புல நீர் கோத்திருக்குன்னு ரிப்போர்ட்.

ஒரு டாக்டர் சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு, எலும்பைத் துளைக்கிற ஆபரேஷன் சொல்றார். இன்னொரு இடத்துல கத்தியே வேண்டாம், ஸ்டெம் செல்லுன்னா வேற திசுவா மாறக்கூடிய மூலச் செல்லாம், அந்த ஊசி போட்டா குருத்தெலும்பு புதுசா முளைச்சிரும், 1,60,000 ஆகும், இந்த மாசத்துக்குள்ள வந்தா 20,000 குறைச்சுக்கலாம்னு சொல்றாங்க. அரசு அனுமதின்னு ஒரு பேப்பரும் காட்டுனாங்க. அம்மா கழுத்துச் செயினைக் கழட்டி மேசையில வச்சிருச்சு. நாளைக்கு அடகுக் கடைக்குப் போவோம்னு சொல்லுது. யாராச்சும் அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

நிர்வாகி | திங்கள், இரவு 9:58

மருத்துவமனை, டாக்டர் பேர் எதையும் இந்த இழையில போடாதீங்க. நடந்ததை மட்டும் சொல்லுங்க.

---

வாடிப்பட்டி வேலு | திங்கள், இரவு 10:15

தம்பி, ஆபரேஷன் வேண்டாம். எங்க ஊர்ல ஒருத்தர் தைலம் காய்ச்சித் தர்றார். 48 நாள் போட்டு உருவுனா எந்தச் சுளுக்கும் போயிரும். என் மச்சானுக்குப் போச்சு.

---

பிசியோ அக்கா, அண்ணா நகர் | திங்கள், இரவு 10:52

வேலு அண்ணே, உங்க மச்சானுக்கு வந்தது சுளுக்கா இருக்கும். அது 48 நாள்ல தைலம் இல்லாமலும் பெரும்பாலும் சரியாகும். இந்தத் தம்பிக்கு உள்ள எலும்போட மேல்தோல் பிஞ்சிருக்கு. தைலம் அந்த இடத்துக்குப் போகாது. உருவவும் வேண்டாம், ஏற்கெனவே தளர்ந்த மூட்டு.

தம்பி, முதல்ல ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துக்க. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் "ஜவ்வு"ன்னு ஒரே சொல்லுதான். எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கிற தசைநாரும் ஜவ்வு, எலும்பு முனையில வழவழன்னு போர்த்தியிருக்கிற குருத்தெலும்பும் ஜவ்வு, முழங்கால்ல ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வட்டும் ஜவ்வு. "ஜவ்வு கிழிஞ்சிருச்சு", "ஜவ்வு தேஞ்சிருச்சு"ன்னு டாக்டரும் சொல்லிருவார், நாமளும் தலையாட்டிட்டு வந்துருவோம். எந்த ஜவ்வுன்னு ஒரு தடவை கேட்டுட்டா பாதிக் குழப்பம் தீரும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

உனக்குக் குருத்தெலும்பு போயிருக்கு, அது ரிப்போர்ட்ல இருக்கு. ஆனா "கால் தானா மடங்கிக்குது"ன்னு நடுவுல ஒரு வரி எழுதிருக்க பாரு, அதுதான் எனக்குக் கவலை. வெளிப்பக்கத் தசைநாரும் தளர்ந்திருக்கலாம். பாதத்தை முன்னாடி இழுத்துப் பாக்குற ஒரு சோதனை இருக்கு, கையாலேயே செய்றது, காசு கிடையாது. அதை யாராச்சும் செஞ்சாங்களா?

---

உசிலை ரைடர் | திங்கள், இரவு 11:05

இல்லக்கா. ரெண்டு இடத்துலயும் ஸ்கேன் படத்தைத்தான் பாத்தாங்க. காலைத் தொடலை.

---

செல்லூர் தறிக்காரர் | செவ்வாய், காலை 5:30

தம்பி, எனக்கு 58 வயசு. தறிக்குழியில உக்காந்து 30 வருஷம் மிதி மிதிச்சவன். 20 வயசுல சைக்கிள்ல விழுந்து கணுக்கால் உடைஞ்சது. மாவுக்கட்டு போட்டு ஒட்டுச்சு, ஆனா கொஞ்சம் கோணலா ஒட்டுச்சு. 50 வயசுல மூட்டு மொத்தமும் தேய்ஞ்சு போச்சு. அப்ப நானும் உன்னை மாதிரிதான், ஒரு இடத்துல போய் ஸ்டெம் செல்லுன்னு ரெண்டு ஊசி போட்டேன், 1,20,000. மகளோட சீட்டுப் பணம். ரெண்டு மாசம் நல்லாருந்த மாதிரி இருந்துச்சு. மூணாம் மாசம் பழைய வலி அப்படியே வந்து உக்காந்துக்கிச்சு. போய்க் கேட்டா, உங்க உடம்பு ஏத்துக்கலை, இன்னொரு ஊசி போடணும்னாங்க. என் உடம்பு மேலயே பழி.

கடைசியில பெரியாஸ்பத்திரியில கணுக்கால் மூட்டை ஸ்குரு போட்டு ஒட்ட வச்சாங்க. இப்ப மூட்டு மடங்காது, ஆனா வலி இல்ல. தறி மிதிக்க முடியாது, வீட்ல தறிக்கு நூல் தார் சுத்துறேன். மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதி ஒரு சுத்து நடந்துருவேன்.

உனக்கு நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். 26 வயசுல 9 மில்லிமீட்டர்னா நீ இன்னும் என் இடத்துக்கு வரலை. காலம் இருக்கு. அந்தச் செயினை அம்மா கழுத்துல திரும்பப் போட்டு விடு. அவசரப்படுத்துறவன் கிட்ட மட்டும் போகாத.

---

திருமங்கலத்துக்காரி | செவ்வாய், காலை 9:12

எனக்கு இதே ஆபரேஷன் 4 வருஷத்துக்கு முன்னாடி நடந்துச்சு. நாலுவழிச் சாலையில ஸ்கூட்டியிலருந்து விழுந்து கணுக்கால் திரும்பிருச்சு. 8 மில்லிமீட்டர் சிதைவு. காலுக்கு மட்டும் மரத்துப்போக இடுப்புல ஊசி போட்டாங்க. கேமராவை டிவியில நானே பாத்தேன். பிஞ்சு தொங்குன துண்டை எடுத்துட்டு, ஓரத்தைச் சுத்தமா வெட்டிவிட்டு, அடியில இருக்கிற எலும்புல குட்டிக் குட்டியா ஓட்டை போட்டாங்க. மறுநாள் வீட்டுக்கு வந்துட்டேன்.

ஆனா யாரும் முன்கூட்டி அழுத்திச் சொல்லாத விஷயம் ஒண்ணு. ஆபரேஷன் முக்கா மணி நேரந்தான். அதுக்கப்புறம் 6 வாரம் அந்தக் காலைத் தரையில ஊனவே கூடாதுன்னாங்க. எங்க வீட்ல கீழ உக்கார்ற கக்கூஸ், குளியலறை கொல்லையில, நடுவுல ரெண்டு படி. கக்கத்துல கட்டையை வச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல அந்தப் படி இறங்குறதுதான் உண்மையான ஆபரேஷன். நடுவுல ஓட்டை வச்ச பிளாஸ்டிக் நாற்காலி விக்குது, அதை முதல்லயே வாங்கி வச்சிரு.

வலி போச்சான்னு கேட்டா, 10ல 7 இருந்தது இப்ப 2. அழகர்கோயில் போனா ராக்காயி தீர்த்தம் வரைக்கும் நடந்து ஏறுவேன், மறுநாள் கொஞ்சம் வீங்கும். பழைய கால் திரும்ப வரலை. ஆனா காலையில எந்திரிக்கும்போது பயமில்ல.

---

உயிரியல் வாத்தியார் | செவ்வாய், இரவு 8:20

ஒரு காலத்தில் செல் வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன், இப்போது மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். டாக்டர் இல்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இளநீர் குடித்து முடித்ததும் ஓட்டைப் பிளந்து வழுக்கையைச் சுரண்டுவோமே, ஓட்டோடு ஒட்டி வழவழப்பாக இருக்கும் அந்த வழுக்கைதான் குருத்தெலும்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுதான் எலும்பு. கணுக்காலில் இந்த வழுக்கை 1 முதல் 2 மில்லிமீட்டர் கனம்தான், முழங்காலைவிட மெல்லியது. நடக்கும்போது உடம்பின் எடையைப்போல 5 மடங்கு வரை அதன்மேல் இறங்கும். டேலஸ் எலும்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் குருத்தெலும்பால் மூடியது, அதனால் ரத்தக் குழாய் நுழைய இடமும் குறைவு.

குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, நரம்பும் கிடையாது. தோலில் காயம் பட்டால் ரத்தம் வந்து உறைந்து ஆறும். இங்கே ரத்தமே வராது, ஆறுவதற்கு வழியில்லை. 1743-லேயே லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர், குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்று எழுதினார். நரம்பு இல்லையே, பிறகு ஏன் வலிக்கிறது? வழுக்கையில் விழுந்த விரிசல் வழியாக மூட்டு நீர் அடியில் உள்ள எலும்புக்குள் அழுத்தத்தோடு இறங்குகிறது. எலும்புக்கு நரம்பு உண்டு. ரிப்போர்ட்டில் நீர் கோத்திருக்கிறது என்று எழுதியிருப்பது அந்த எலும்பைத்தான்.

இப்போது அந்த முதல் டாக்டர் சொன்ன துளை போடும் ஆபரேஷனுக்கு வருவோம். மைக்ரோ ஃபிராக்சர் என்பார்கள். ஓட்டில் 3, 4 மில்லிமீட்டர் இடைவெளியில் சிறு துளைகள் போட்டால், எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தம் கசிந்து பள்ளத்தில் உறையும். அந்த ரத்தத்தோடு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்லும் வருகிறது. தம்பி, இதைக் கவனியுங்கள். 1,60,000 ரூபாய்க்கு வெளியில் விற்கப்படும் அதே வகைச் செல் உங்கள் காலுக்குள்ளேயே, பள்ளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. துளை போடுவது அதற்குக் கதவு திறந்து விடுவதற்காகத்தான்.

அங்கே முளைப்பது அசல் வழுக்கை ஆகாது. கொஞ்சம் முரட்டு நார் கலந்த குருத்தெலும்பு. பள்ளம் சிறியதாக இருந்தால் அது தாங்கும், பெரியதாக இருந்தால் சில வருடத்தில் தேயத் தொடங்கும். முன்பு 15 மில்லிமீட்டர் வரை இந்த ஆபரேஷன் போதும் என்றார்கள், இப்போது 10-க்குள் இருந்தால் நல்லது என்று குறைத்துவிட்டார்கள். உங்களுடையது 9.

இனி ஊசி. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, சுழல் இயந்திரத்தில் சுற்றி, கெட்டியாக்கி மூட்டுக்குள் போடுவார்கள். அந்த மஜ்ஜையில் ஒரு லட்சம் செல்லை எண்ணினால் நாம் தேடும் ஸ்டெம் செல் 1 முதல் 10 வரைதான் இருக்கும். மூட்டு நீருக்குள் விட்ட செல், எங்கே பள்ளம் என்று தேடிப் போய் ஒட்டிக்கொண்டு வழுக்கையாக வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தச் செல்லுக்கு 1991-ல் பேர் வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஆர்னால்டு கேப்லன். 2017-ல் அவரே, இதை ஸ்டெம் செல் என்று சொல்வது மக்களைத் தவறாக நம்ப வைக்கிறது, பேரை மாற்றுங்கள் என்று கட்டுரை எழுதினார். அது புதுத் திசுவாக மாறுவதைவிட, சுற்றியுள்ள செல்களுக்குச் சேதி அனுப்பும் வேலையைத்தான் அதிகம் செய்கிறது என்பது அவர் வாதம். செல்லூர் ஐயாவுக்கு முளைக்கும் என்று சொன்னவர்கள் இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

---

மேலூர் மைந்தன் | செவ்வாய், இரவு 9:47

வாத்தியார் சொல்றதை மதிக்கிறேன், ஆனா ஸ்டெம் செல்லுன்னாலே ஏமாத்துன்னு ஆயிரக்கூடாது. என் அண்ணனுக்கு 18 மில்லிமீட்டர் பள்ளம், அடியில எலும்புல நீர்ப்பை வேற. கோயம்புத்தூர்ல ஆபரேஷன். உள்கணுக்கால் எலும்பை வெட்டித் தூக்கி, பையைச் சுரண்டி, இடுப்பெலும்பை எடுத்து நிரப்பி, அதுமேல ஒரு மெல்லிசான சவ்வுத்தாள் மாதிரி வச்சு, மஜ்ஜைச் செல்லை அதுல ஊற வச்சு மூடுனாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. வயல்ல வரப்புல நடக்கிறாரு. அதுவும் ஸ்டெம் செல்தானே?

---

உயிரியல் வாத்தியார் | செவ்வாய், இரவு 10:30

நல்ல கேள்வி. நான் எழுதியதில் விட்டுப்போன பாதி இதுதான். உங்கள் அண்ணனுக்குப் பள்ளத்தைத் திறந்து, சுத்தம் செய்து, எலும்பு நிரப்பி, செல் ஓடிவிடாமல் தாளில் பிடித்து வைத்திருக்கிறார்கள். செல் போக வேண்டிய இடத்தில் கையால் கொண்டுபோய் வைக்கப்பட்டது. இத்தாலியில் பொலோனியா ஊரில் இதே முறையை டேலஸ் சிதைவு உள்ள 48 பேருக்குச் செய்து 2009-ல் வெளியிட்டார்கள். பலருக்கு நன்றாகவே முன்னேற்றம் இருந்தது. செல் இல்லாமல் அதே ஆபரேஷன் செய்த இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை என்பதுதான் குறை. உங்கள் அண்ணனுக்குப் பலன் கொடுத்தது செல்லா, எலும்பு நிரப்பியதா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டுமாக இருக்கலாம்.

பெரிய பள்ளத்துக்கு வேறு வழிகளும் உண்டு. முழங்காலில் பாரம் விழாத ஓரத்திலிருந்து எலும்போடு சேர்த்துக் குருத்தெலும்பை உருளையாகத் தோண்டி இங்கே பதிப்பது ஒன்று. அசல் வழுக்கையே கிடைக்கும், ஆனால் நல்ல முழங்காலில் வலி வரும் ஆபத்து உண்டு. தன் குருத்தெலும்புச் செல்லையே எடுத்து ஆய்வகத்தில் சில வாரம் வளர்த்துத் திரும்ப வைப்பது இன்னொன்று. சுவீடன்காரர்கள் 1994-ல் முழங்காலில் 23 பேருக்குச் செய்து காட்டியது. இரண்டு ஆபரேஷன், செலவும் அதிகம். 9 மில்லிமீட்டருக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

---

மேலூர் மைந்தன் | செவ்வாய், இரவு 10:41

புரிஞ்சுது. அண்ணன் ஆபரேஷன் வேற, தம்பிக்குச் சொன்ன ஊசி வேற. பேருதான் ஒண்ணு.

---

திருமங்கலத்துக்காரி | புதன், காலை 7:50

வாத்தியாரே, தம்பிகிட்ட அரசு அனுமதின்னு பேப்பர் காட்டுனாங்களே, அது என்ன?

---

உயிரியல் வாத்தியார் | புதன், காலை 8:35

பேப்பரை நான் பார்க்கவில்லை. பெங்களூரு நிறுவனம் ஒன்றின் மஜ்ஜைச் செல் மருந்துக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அது முழங்கால் தேய்மானத்துக்கு. எந்த மூட்டு, எந்த நோய் என்று பேப்பரில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்ற ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை தவிர, மற்ற நோய்களுக்கு ஸ்டெம் செல் கொடுப்பது ஆராய்ச்சியாக மட்டுமே நடக்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் எண் இருக்கும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதில் சேரும் நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது. 20,000 தள்ளுபடி தரும் ஆராய்ச்சி எங்கும் கிடையாது.

---

பிசியோ அக்கா, அண்ணா நகர் | புதன், பகல் 1:15

நிறையப் பேர் என்கிட்ட பிஆர்பி கேக்குறாங்க, சொந்த ரத்தத்தைச் சுத்தி எடுத்துப் போடுற ஊசி. நெதர்லாந்துல கணுக்கால் தேய்மானம் உள்ள 100 பேருக்குப் பாதிப் பேருக்கு அதையும், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணியையும் போட்டு 26 வாரம் பாத்தாங்க. 2021ல முடிவு வந்துச்சு. ரெண்டு பக்கமும் வலி குறைஞ்சுச்சு, வித்தியாசம் இல்ல. செல்லூர் ஐயா, உங்களுக்கு ரெண்டு மாசம் நல்லாருந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். உங்க வலி பொய்யில்ல, குறைஞ்சதும் பொய்யில்ல. அது ஊசியால குறையலைங்கிறதுதான்.

தம்பி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா? வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டையோட பெரியாஸ்பத்திரி எலும்பு ஓபிக்குப் போ. காலைத் தொட்டுப் பாக்கச் சொல்லு. சிடி ஸ்கேன் வேணுமான்னு கேளு. எம்ஆர்ஐல நீர் கோத்த இடமும் சேந்து பள்ளம் பெருசாத் தெரியும், எலும்போட உண்மையான அளவு சிடில தெரியும்.

---

உசிலை ரைடர் | அடுத்த வாரம் வெள்ளி, இரவு 9:05

எல்லாருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கேன். பெரியாஸ்பத்திரிக்கு மூணு நாள் அலைஞ்சேன். முதல் நாள் சீட்டு வாங்கவே 11 மணி. ஆனா அங்க டாக்டர் பெஞ்சுல உக்கார வச்சு, குதிகாலைப் புடிச்சு முன்னாடி இழுத்தார். இடது கால் நகரவே இல்ல, வலது கால் அப்படியே வழுக்கி வந்துச்சு. எனக்கே பயமாப் போச்சு. பக்கத்துல படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். தசைநார் தளர்ந்து கெடக்கு, இதைச் சரி பண்ணாம குருத்தெலும்பை மட்டும் பாத்தா, முளைக்கிறது திரும்பவும் அரைபட்டுப் போயிரும்னார்.

சிடில 8 மில்லிமீட்டர். துளை போடுறதும், தசைநாரை இழுத்துத் தைக்கிறதும் ஒரே ஆபரேஷன்ல செய்றாங்க. காப்பீட்டு அறையில எழுதி அனுப்பி அனுமதி வந்துருச்சு.

ஊசி சொன்ன இடத்துக்கும் போன் பண்ணேன். சிடிஆர்ஐ எண் கேட்டேன். அதெல்லாம் டாக்டருங்க விஷயம்னாங்க. குருத்தெலும்பு முளைக்கும்னு லெட்டர்பேட்ல எழுதித் தாங்கன்னேன். நேர்ல வாங்க பேசுவோம்னு வச்சுட்டாங்க. பேப்பர்ல இருந்தது முழங்கால்தான்.

அம்மா செயினைப் போட்டுக்கிச்சு. ஆனா இப்ப வேற பயம், 6 வாரம் லீவு போட்டா சம்பளம் வராது. ஹெட்மாஸ்டர்கிட்ட பேசியிருக்கேன், உக்காந்துக்கிட்டே விளையாட்டு ரெஜிஸ்டர் எழுதுற வேலை தர்றேன்னு சொல்லியிருக்கார். நாற்காலி வாங்கிட்டேன்க்கா.

---

செல்லூர் தறிக்காரர் | சனி, காலை 5:20

நல்லது தம்பி. உன் டாக்டர் காலைத் தொட்டார்னு படிச்சதும் எனக்கு அழுகை வந்துருச்சு. என் காலை 8 வருஷம் யாரும் அப்படிப் பாக்கலை.

---

உசிலை ரைடர் | ஆபரேஷன் முடிஞ்சு 46ஆம் நாள்

காலை ஊன ஆரம்பிச்சுட்டேன். பிசியோ அக்கா சொன்ன மாதிரி, பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு எடை பாக்குற மெஷினை வீட்டுக்குக் கொண்டு வந்து வலது காலை அதுமேல வச்சு அழுத்திப் பழகுறேன். முதல் நாள் 10 கிலோவுக்கே கால் நடுங்குச்சு. இன்னைக்கு 30. என் எடை 72. கணுக்காலை மேல கீழ அசைக்க முடியுது, உள்ள சிக்குறது இல்ல. ஓடுறதுக்கு இன்னும் நாலு மாசமாவது ஆகும்னு சொல்லியிருக்காங்க. கபடிக்குத் திரும்புவேனான்னு இன்னும் கேக்கலை. நாளைக்கு 40 வைக்கலாமாக்கா?

---

பிசியோ அக்கா, அண்ணா நகர் | அதே நாள், இரவு 8:30

35 வை. ராத்திரி வீக்கம் இருந்தா மறுநாள் திரும்ப 30. வலி இல்லாம மூணு நாள் 35ல நின்னாத்தான் 40. வீக்கத்தை நூல் வச்சு அளந்து இங்க எழுது.